பிரிக்காத மூட்டை

விருத்தாசலம்,
23.6.2024

என் பிரியத்துக்குரிய யாஸ்மின் அத்தாவுக்கு சுல்தானாவின் ஸலாம். நானும் உங்கள் மகள் யாஸ்மினும் இறைவன் கிருபையால் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

பெருநாள் கழிந்த மறுநாள் உங்கள் சின்னத்தா மகன் ஷமீர் மங்கலம்பேட்டையிலிருந்து வந்தார். கார்கோ கடைக்காரர் ஆயிற்றே, ஏதோ பார்சல் என்று நினைத்தேன். "அண்ணி, அண்ணன் லெட்டரு குடுத்தனுப்பியிருக்காங்க" என்று கவரை நீட்டினார். இந்தக் காலத்தில் லெட்டரா என்று சிரித்துவிட்டேன். புது சைட் பாலைவனத்துக்குள் இருக்கிறது, போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ரூமில் சிக்னலும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பத்தொன்பது வருடம் உங்கள் குரலோடு குடும்பம் நடத்தியாயிற்று, இனி கையெழுத்தோடு நடத்துகிறேன். இதிலும் ஒரு வசதி உண்டு. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே "சரி, வச்சிடுறேன்" என்று நீங்கள் சொல்ல முடியாது.

இப்போது பஞ்சாயத்துக்கு வருகிறேன். மாதாமாதம் உங்கள் கார்டில் பணம் பிடித்துக்கொண்டு உங்கள் மகளுக்கு வீடியோ கேம் அனுப்புகிறார்களே, அதை நிறுத்துங்கள். என்ன கேம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்களாம். முதலில் பணம் கட்ட வேண்டுமாம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை திறந்து பார்த்தால் ஏழெட்டு கேம் இருக்குமாம், அதில் ஒன்று தேறுமாம். "அந்த சஸ்பென்ஸுக்குத்தாம்மா காசு" என்கிறாள். மாதம் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து யாராவது சஸ்பென்ஸ் வாங்குவார்களா?

நீ மட்டும் என்ன வாங்குகிறாய் என்று கேட்பீர்கள். நான் என் பொம்மைக் கடைக்கு செராமிக் பேட்டையில் விருத்தகிரி அண்ணனிடம் செகண்ட்ஸ் மூட்டை, பழுதென்று கழித்த சரக்கு, வாங்குகிறேன். வாய் தைத்த மூட்டை, பணம் கொடுக்கும்வரை பிரிக்கக் கூடாது, பிரித்தபின் திருப்பித் தரக் கூடாது. உள்ளே பொம்மையா, கப்பா, மூக்கு உடைந்த விளக்கா என்பது என் அதிர்ஷ்டம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மூட்டையை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பேன். உடைசல் சத்தம் வந்தால் அப்படியே வைத்துவிட்டு வருவேன். உங்கள் மகள் எதைக் குலுக்கிப் பார்ப்பாள்? நீங்களே சொல்லுங்கள், இது கொடுக்கிற காசுக்குத் தகுமா?

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சுல்தானா

*

ரியாத்,
19.7.2024

அன்புள்ள சுல்தானாவுக்கு இஸ்மாயில் எழுதுவது. ஸலாம். நான் நலம். நீயும் யாஸ்மினும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். முதுகுவலி இப்போது இல்லை. இங்கு அதிகமும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். ரூமில் கூட இருப்பவர்கள் தங்கமானவர்கள், அவர்கள் ஆக்குவதில் எனக்கும் ஒரு பங்கு வைத்துவிடுகிறார்கள்.

இந்த மாதம் வீட்டுச் செலவுக்கு பேங்கில் பணம் வராது. ஷமீர் கையில் கொடுப்பான். கம்பெனியில் ஏதோ கணக்கு மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

கேம் விஷயம். தகுமா என்று கேட்டாய். எட்டில் ஆறு குப்பை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதை ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் யாஸ்மினோடு என்ன பேசினேன் என்று யோசித்துப் பார். "சாப்டியா?" "சாப்டேன்." "படிக்கிறியா?" "படிக்கிறேன்." "அம்மாகிட்ட குடு." இதுதான். பிள்ளை பிறந்து நாற்பது நாளில் சவூதிக்கு வந்தவனுக்கு மகளிடம் பேச வேறு என்ன இருக்கிறது? இது வந்த பிறகுதான் மாதம் ஒருமுறை அவள் திறப்பாள், நான் போனில் இருப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து தெரிந்துகொள்வோம். அவள் சிரிப்பது அப்போதுதான் எனக்குக் கேட்கும். என்னைக் கேட்டால் தகும். நிறுத்தச் சொல்லாதே.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

துஆவுடன்,
இஸ்மாயில்

*

விருத்தாசலம்,
11.8.2024

மதிப்புக்குரிய கணவருக்கு சுல்தானாவின் ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுத கையோடு போய், உங்கள் மகளின் கம்ப்யூட்டரில் என்னதான் வந்திருக்கிறது, காட்டு என்றேன். காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மே மாதத்திலிருந்து வந்தது எதையும் திறக்கவே இல்லை! எல்லாம் வந்தது வந்தபடி இருக்கிறது. என் கோடவுனில் பிரிக்காத மூட்டை இரண்டு நாள் கிடந்தாலே எனக்குத் தூக்கம் வராது. இவள் மாதக்கணக்கில் போட்டு வைத்திருக்கிறாள்.

"ஏன்டி, அங்க ஒரு மனுசன் மணல்ல வெந்து சம்பாரிக்கிறாரு. தொறந்துகூட பாக்காம கெடக்குது. எதுக்குடி இது?" என்று கத்தினேன். "இருக்கட்டும்மா, நிறுத்திடாத" என்று மட்டும் சொன்னாள். திறக்கவும் மாட்டாளாம், நிறுத்தவும் கூடாதாம். இது என்ன நியாயம்?

அவள் முகமும் சரியில்லை. காலேஜிலிருந்து வந்தால் அறைக்குள் போய்விடுகிறாள். காதல் கீதல் என்று ஏதாவது இருக்குமோ என்று பயந்து பார்த்தேன், அப்படியும் தெரியவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். நான் சொன்னால் கத்தல், நீங்கள் சொன்னால் வேதம்.

இன்னொன்று. கையில் வந்த பணம் பாதிதான் இருந்தது. எனக்குப் போதும், கடை ஓடுகிறது. உங்களுக்குப் போதுமாக இருக்கிறதா?

பழம் ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள்.

சுல்தானா

*

விருத்தாசலம்,
12.8.2024

அன்புள்ள அத்தா, ஸலாம். எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதி, அம்மாவின் கடிதத்தோடு சேர்த்து ஷமீர் சின்னத்தாவிடம் கொடுக்கிறேன்.

அம்மா கோபமாக எழுதியிருப்பார்கள். நான் திறக்கவில்லை என்பது உண்மை. போனில் நீங்கள் இல்லாமல் யாருக்குச் சொல்லித் திறப்பது? போன வருடம் லாரி ஓட்டுகிற கேம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் ஓட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "லோடே தப்பா ஏத்தியிருக்கான்மா, பின்னாடி கனம் போட்டா வண்டி தூக்கிடும்" என்று அந்த கேம் கம்பெனிக்காரனையே திட்டினீர்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். தனியாகத் திறந்தால் அது வெறும் கேம்தான் அத்தா.

ஆனால் நான் எழுதவந்தது வேறு. இந்த மாதம் உங்கள் கார்டில் பணம் போகவில்லை என்று எனக்கு மெயில் வந்தது. இரண்டு நாள் கழித்து வேறு யாருடைய கார்டிலோ பணம் கட்டியிருக்கிறது. உங்கள் கார்டுக்கு என்ன ஆயிற்று? சம்பளம் வரவில்லையா? அந்த சைட்டில் போன் வாங்கி வைப்பது உண்மைதானா?

வேலை இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன். எனக்கு கேம் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைக்கிறேன், சொல்லப் பயமாகவும் இருக்கிறது. முதல் செவ்வாய்க்கிழமை அது வந்துவிட்டால், அத்தா எங்கோ இருக்கிறார்கள், நம்மை நினைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அன்றைக்கு மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறேன். வராமல் போனால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

உங்கள் மகள்,
யாஸ்மின்

*

ரியாத்,
2.10.2024

என் கண்ணு யாஸ்மினுக்கு அத்தாவின் ஸலாமும் முத்தமும். நலமாக இருக்கிறாயா? பரீட்சை எப்படி எழுதினாய்?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஊருக்கு வருகிற ஆள் யாரும் அமையவில்லை.

கார்டு பழையது, தேதி முடிந்துவிட்டது. புதுக் கார்டு வரும்வரை கூட இருக்கிறவர் கார்டில் கட்டினேன். இதற்குப் போய்க் கவலைப்படலாமா? இனிமேல் வேறு கார்டு, வேறு வழி என்று எது வந்தாலும் நீ அதைப் பார்க்காதே. கேமை மட்டும் பார். ஒவ்வொன்றாகத் திறந்து விளையாடி, எப்படி இருந்தது என்று விவரமாக எழுது. நான் இங்கே படித்துச் சிரித்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் கோபப்படாதே. சத்தம் போட்டாலும் அவளைப்போல் ஒருத்தி கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இனி சில நாள் கடிதம் வராமல் இருக்கலாம். பயப்படாதே.

என்றும் உன்,
அத்தா

*

விருத்தாசலம்,
10.11.2024

அன்புள்ள அத்தா, ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

செவ்வாய்க்கிழமை கேம் வந்துவிட்டது. எப்போதும் மெயிலில் விலை டாலரில் இருக்கும். இந்த மாதம் ரூபாயில் இருக்கிறது. எந்த நாட்டிலிருந்து பணம் கட்டுகிறோமோ அந்த நாட்டுக் காசில்தான் காட்டும் என்று அவர்கள் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நான் மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

ஷமீர் சின்னத்தாவிடம் "அத்தா இந்தியாவுலயா இருக்காங்க?" என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்கும்மா இதெல்லாம், படிக்கிற வேலைய பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்போதும் டீ குடிக்காமல் போகமாட்டார்.

எங்கே இருக்கிறீர்கள் அத்தா?

யாஸ்மின்

*

விருத்தாசலம்,
15.12.2024

என் அன்புக் கணவருக்கு ஸலாம் சொல்லி சுல்தானா எழுதுவது.

உங்களிடமிருந்து எனக்குக் கடிதம் வந்து எத்தனை மாதமாயிற்று என்று உங்களுக்கே தெரியும். அக்டோபரில் மகளுக்கு எழுதினீர்களாம், எனக்கு ஒரு வரி இல்லை. நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன்? பணம் போதுமா என்று கேட்டேன். அது குற்றமா?

இங்கே புயல் மழையில் மணிமுத்தாறு நிரம்பி ஓடியது. கோடவுனில் தண்ணீர் ஏறி மூட்டைகளை மேலே தூக்கிவைக்க ஒரு ஆள் இல்லை. நானும் யாஸ்மினும்தான் இழுத்தோம். அப்போது உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த நிமிடமே, அங்கே என்ன பாடோ என்று நினைத்து அழுகை வந்தது.

யாஸ்மின் சரியாகச் சாப்பிடுவதில்லை. முதல் செவ்வாய்க்கிழமை வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெறித்துப் பார்க்கிறாள். கேட்டால் அழுகிறாள். உங்கள் சஸ்பென்ஸ் கேமால் என் பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இல்லை, ஒரு தடவை யாருடைய போனிலிருந்தாவது கூப்பிடுங்கள்.

சுல்தானா

*

ரியாத்,
21.12.2024

அன்பான சுல்தானாவுக்கு ஸலாம். நான் நலம். உன் சுகம் அறிய ஆசை.

வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. மன்னித்துக்கொள். இங்கே பாலைவனத்தில் குளிர் தாங்கமுடியவில்லை. கம்பளி போர்த்தித்தான் வேலைக்குப் போகிறோம்.

போன் மட்டும் கேட்காதே. இங்கே ரூல்ஸ் அப்படி.

வருகிற வருடம் எப்படியும் ஊருக்கு வந்துவிடுவேன். பெட்டிக்கு என்னென்ன வேண்டும் என்று எழுது. உனக்கு அத்தர், யாஸ்மினுக்கு நல்ல ஹெட்போன், தெருவில் எல்லோருக்கும் பேரீச்சம்பழம், சோப்பு என்று இப்போதே நினைத்து வைத்திருக்கிறேன். போன தடவை பெட்டி பிரிக்கும்போது வாசல் கொள்ளாமல் ஆட்கள் நின்றார்களே, அதைவிடப் பெரிய பெட்டியாகக் கட்டிக்கொண்டு வருகிறேன்.

யாஸ்மினைத் திறந்து விளையாடச் சொல். நிறுத்தவேண்டாம்.

துஆவுடன்,
இஸ்மாயில்

*

விருத்தாசலம்,
12.1.2025

யாஸ்மின் அத்தாவுக்கு ஸலாம்.

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. எடுத்த எடுப்பில் கேட்டுவிடுகிறேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று ஆடி அசைந்து வந்தன. போன மாதம் நான் பதினைந்தாம் தேதி எழுதிய கடிதத்துக்கு நீங்கள் இருபத்தொன்றாம் தேதி பதில் எழுதி, அது இருபத்துநாலாம் தேதி என் கைக்கு வந்துவிட்டது. பாலைவனத்திலிருந்து சிதம்பரம் பஸ்ஸிலா வந்தது?

அதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் யாஸ்மின் உடைந்து அழுதாள். கார்டு மாறியது, டாலர் ரூபாய் ஆனது, ஷமீர் தம்பி டீ குடிக்காமல் ஓடியது, எல்லாவற்றையும் கொட்டினாள். ஐந்து மாதமாகப் பிள்ளை இதைத் தனியாகச் சுமந்திருக்கிறது. நான் காதலா கத்திரிக்காயா என்று சந்தேகப்பட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்கள். எங்கே, எத்தனை நாளாக, என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே படுக்கிறீர்கள்? ஒன்றும் தெரியாமல் நான் இங்கே பொம்மை விற்றுக்கொண்டிருக்கிறேன்.

அந்த கேம் காசுக்குத் தகுமா என்று கேட்டேனே. தகும். நானே சொல்கிறேன், ஒவ்வொரு பைசாவுக்கும் தகும். அது இல்லையென்றால் என் புருஷன் கடல்தாண்டி வந்துவிட்டார் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. நான் உங்களையும் அந்தச் செகண்ட்ஸ் மூட்டை வாங்குகிற மாதிரிதான் நடத்தியிருக்கிறேன். பத்தொன்பது வருடம் மாதாமாதம் பணம் வந்தது. உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று கேட்கவே இல்லை. கேட்டால் நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

இப்போது கேட்கிறேன். என்ன நடந்தது?

சுல்தானா

*

25.1.2025

அன்புள்ள சுல்தானாவுக்கு ஸலாம்.

ஊர் பெயர் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

மே மாதமே கம்பெனியை மூடிவிட்டார்கள். போன் கம்பெனி பெயரில் இருந்தது, அதையும் வெட்டிவிட்டார்கள். சம்பள பாக்கி வரும் வரும் என்று அந்த ரூமிலேயே கிடந்தோம். யாராவது ஒருவர் வெளியே கூலிக்குப் போய் வந்தால் எல்லோரும் சாப்பிடுவோம். அக்டோபரில் டிக்கெட் மட்டும் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். சென்னையில் இறங்கும்போது என் கையில் இருந்தது ஒரு துணிப்பை.

நீயே சொல் சுல்தானா, நம் ஆட்களில் யார் அப்படி வந்திருக்கிறார்கள்? பெட்டி இல்லாமல் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது என்ன? "பெட்டி பின்னாடி வருதா?" என்றுதான். அதற்கு என்ன பதில் சொல்வேன் என்று யோசித்து யோசித்து பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏதாவது வேலை பார்த்து, கையில் கொஞ்சம் சேர்ந்ததும் பர்மா பஜாரில் வெளிநாட்டுச் சாமான் வாங்கிப் பெட்டி கட்டிக்கொண்டு, நேராக ஏர்போர்ட்டிலிருந்து வருகிற மாதிரி வந்துவிடலாம் என்று இருந்தேன். எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது.

கேம் நின்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, இங்கே வந்தபின் ஷமீர் போனிலிருந்து கட்டச் சொன்னேன், வீட்டுச் செலவுக்கு அவன் தந்ததும் கடன்தான். அது ரூபாயில் காட்டிக்கொடுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மகளிடம் மறைக்கத்தான் கட்டினேன், கட்டியதாலேயே மகளுக்குத் தெரிந்துவிட்டது. என் புத்தி அவ்வளவுதான்.

யாஸ்மின் முகத்தில் எப்படி விழிப்பேன்? கொஞ்சம் பொறு. எங்கே இருக்கிறேன் என்று தேடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

இஸ்மாயில்

*

விருத்தாசலம்,
16.2.2025

யாஸ்மின் அத்தாவுக்கு சுல்தானாவின் ஸலாம்.

தேடாதே என்றீர்கள், தேடினேன். ஷமீர் தம்பியைத் திட்டாதீர்கள், பாவம், அவரும் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? கார்கோ கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஆட்களிடமெல்லாம் "எங்க வூட்டுக்காரரு எங்க இருக்காருன்னு இவருக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கிறாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "போதும் அண்ணி. திட்டக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல, டீக்கட. வூட்டுக்குப் போங்க."

யாஸ்மின் அந்த கேம் சந்தாவை அவளாகவே நிறுத்திவிட்டாள். இனி அவளுக்கு அது வேண்டாமாம். வந்து கிடப்பதையெல்லாம் வைத்திருக்கிறாள். "அத்தா வரட்டும், சேந்து தொறப்போம்" என்றாள். உங்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லையா என்று கேட்டேன். "இருக்குதும்மா. நேர்ல சொல்லிக்கிறேன்" என்றாள். நியாயமான பிள்ளை.

புதன்கிழமை நான் திட்டக்குடிக்குப் போனேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை. நான் முகம் மூடுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மூடிக்கொண்டேன். உங்களைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்ததும் கால் தானாகக் கடைக்குள் போய்விட்டது.

என்ன இளைப்பு இளைத்திருக்கிறீர்கள்! தாடி பாதி வெளுத்துவிட்டது. தோளில் ஒரு ஈரத் துண்டு. வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்காத மனிதர், இரண்டு கையிலும் கண்ணாடி டம்ளர்களை அள்ளிக்கொண்டு போனீர்கள். மூலை பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னிடம் வந்து "என்னம்மா வேணும்?" என்றீர்கள். வாயைத் திறந்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் இருந்தவரின் டீயைக் கையால் காட்டினேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

கட்டிய மனைவி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறாரே, என் கண் கூடவா தெரியவில்லை என்று நினைத்தேன். தப்பு அவருடையது இல்லை, இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்ட நாள்தான் எத்தனை என்று சமாதானமும் செய்துகொண்டேன். சமாதானம் ஆகவில்லை.

டீயை வைத்துவிட்டு நகர்ந்தீர்கள். திரையைத் தூக்கி ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லை.

பக்கத்தில் இருந்தவர் தித்திப்பாகத்தான் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி வந்து நாலு வருடம் ஆகிறது. அந்தக் கடையில் அது யாருக்குத் தெரியும்? சர்க்கரை வேண்டாம் என்று நான் கையால்கூடக் காட்டவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பாய்லர் பக்கம் திரும்பி நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். கடையில் அப்போது யாரும் டீ கேட்டிருக்கவில்லை. ஆற்றிய டீயையே திரும்பத் திரும்ப ஆற்றினீர்கள். நான் குடித்து முடிக்கும்வரை நீங்கள் திரும்பவே இல்லை. உங்கள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அந்த டீயைச் சொட்டு விடாமல் குடித்தேன். காசு கொடுக்க வேண்டும் என்பதே மறந்துபோய் எழுந்து நடந்தேன். கல்லாவில் இருந்தவர் "யம்மா, காசு குடுக்காம போறீங்களே" என்று சத்தம் போட்டார். அவமானத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அப்போது நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள், "வுடுங்கண்ணே. அவங்க நம்ம வூட்டு ஆளு."

பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன். கண்டக்டர்கூட "என்னம்மா, எதனா சாவா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

இன்னும் இரண்டு வாரத்தில் நோன்புப் பிறை பார்த்துவிடுவார்கள். பெட்டி எங்கே என்று தெருவில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் வாய் உங்களுக்குத் தெரியாததா? நான் இனிமேல் கடிதம் எழுதமாட்டேன். கடைக்காரரிடம் சொன்னதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள்.

சுல்தானா